ஏழாவது சுவிட்ச்

1952 ஆகஸ்ட் மாதம். நம் நாட்டு விமானத் துறை அப்போது எந்த அழகில் இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனி, வி.எம். காட்டகே தலைமையில் எச்.டி.-2 என்று ஒரு பயிற்சி விமானத்தை வடிவமைத்து, முந்தின வருஷம் ஆகஸ்டில்தான் முதல் தடவையாகப் பறக்கவிட்டிருந்தது. இரண்டு பேர் உட்காரலாம். அதில் ஒருவர் வாத்தியார். ஊர்விட்டு ஊர் பறக்க விரும்பிய பணக்காரர்களுக்கு, போர் முடிந்து மலிவாக வந்து சேர்ந்த டகோட்டா இருந்தது. இருபது முப்பது பேரை அடைத்துக்கொண்டு, காதைச் செவிடாக்கிக்கொண்டு எப்படியோ போய்ச் சேரும்.

அந்த மாதம் 25-ம் தேதி மைசூரிலிருந்து பி.டி.ஐ. ஒரு செய்தி அனுப்பியது. மைசூரில் சர்வதேச சமஸ்கிருத ஆராய்ச்சிக் கழகம் என்று ஒன்று. அதன் இயக்குநர் ஜி.ஆர். ஜோஸ்யர் சில சுவடிகளைக் காட்டி, இவை பல ஆயிரம் வருஷங்களுக்கு முன் ரிஷிகள் அருளியவை, இதில் பரத்வாஜ மகரிஷியின் விமான சாஸ்திரமும் இருக்கிறது என்கிறார். வெடிமருந்து ஏற்றிப் போக ஹெலிகாப்டர் மாதிரி ஒன்று. நானூறு ஐந்நூறு பேர் ஏறும்படி இரண்டடுக்கு மூன்றடுக்கில் இன்னொன்று. நாட்டின் பெரிய பத்திரிகைகளெல்லாம் போட்டன. பெங்களூர்க்காரர்கள் இரண்டு ஸீட்டுக்கு முக்கிக்கொண்டிருக்க, நூறு மைல்கூட இல்லாத மைசூரில் ஐந்நூறு ஸீட் ரெடி.

ஐந்நூறு பேர் ஏறும் போயிங் 747 முதல் தடவை பறந்தது 1969-ல். பதினேழு வருஷம் முன்பே சொல்லிவிட்டாரே என்று ஆச்சரியப்பட வேண்டாம். பெயரே ஜோஸ்யர். அவர் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

இந்தச் சாஸ்திரத்தை மைசூர்க்காரர்கள் பெருமை என்றும், பெங்களூர்க்காரர்கள் தலைவலி என்றும் சொன்னாலும், மூலப்பொருள் நம் ஊர்ச் சரக்கு. இதை வாயால் சொன்ன சுப்பராய சாஸ்திரி பிறந்தது 1866-ல், ஓசூர் தாலுகா தோகரே அக்ரகாரத்தில். அன்றைக்கு அது சேலம் ஜில்லா. சின்ன வயசிலேயே தாய் தகப்பன் போய், அம்மை போட்டு, பிச்சை எடுத்துத் திரிந்த பையனைக் கோலார் பக்கம் ஒரு மகான் கூப்பிட்டு ஆட்கொண்டாராம். அதன்பின் அவர் வாயைத் திறந்தால் சாஸ்திரம். பிறகு ஆனேக்கல்லில் குடியேறினார். 1918-லிருந்து 1923 வரை அவர் மடமடவென்று ஒப்பிக்க, ஜி. வெங்கடாசல சர்மா என்பவர் எழுதிக்கொண்டார். சுமார் மூவாயிரம் ஸ்லோகம். சாஸ்திரியார் ‘என்னுடையது’ என்று ஒரு வரிக்கும் உரிமை கொண்டாடவில்லை. எல்லாம் பரத்வாஜருக்கே. எழுதியதைப் பிறத்தியார் பேரில் போட்டுக்கொள்ளும் பெருந்தன்மை இன்றைய எழுத்தாளர் யாருக்கு உண்டு?

ஆனால் தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். ரைட் சகோதரர்கள் பறந்தது 1903. நம் மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜாகோமோ டி ஆஞ்ஜெலிஸ் என்கிற கார்சிகா தீவுக்காரர், சிம்சன் கம்பெனியில் சொந்தமாக ஒரு விமானத்தைக் கட்டவைத்து, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் பறந்தே காட்டிவிட்டார். ரூம் வாடகைக்கு விடுகிறவரே பறந்து எட்டு வருஷம் ஆன பிறகு, முதல் உலகப் போர் முடிகிற வருஷத்தில், ஆனேக்கல்லில் ஞானதிருஷ்டி வேலை செய்ய ஆரம்பிக்கிறது. லேட்டாக வந்தாலும் ஞானம் ஞானம்தான்.

ஸ்லோகம் மட்டும் இருந்தால் போதுமா, படம் வேண்டாமா? பெங்களூரில் ஒரு என்ஜினியரிங் காலேஜில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த டி.கே. எல்லப்பா வரைந்து கொடுத்தார். சகுன விமானம், சுந்தர விமானம், ருக்ம விமானம், திரிபுர விமானம் என்று நான்கு. பறவை மாதிரி ஒன்று, ராக்கெட் மாதிரி ஒன்று. ருக்மம் கோயில் தேரின் மேல்பாதியை மட்டும் அறுத்து வைத்த மாதிரி அடுக்கடுக்காக, உச்சியில் விசிறிகளோடு. திரிபுரம் நிலத்திலும் ஓடும், தண்ணீரிலும் மிதக்கும், வானத்திலும் பறக்கும். கழிப்பறை வசதி பற்றித் தகவல் இல்லை.

கடைசியில் 1973-ல் ஜோஸ்யர் இங்கிலீஷ் மொழிபெயர்ப்போடு மைசூரில் புத்தகம் போட்டார். இதன் நகல் ஒன்று எங்கள் குடும்பத்தில் இருந்தது. இருந்ததற்குக் காரணம் மைசூர் மாமா.

மாமா மைசூரில் குடியேறி முப்பது வருஷம் ஆனவர். கன்னடத்தைத் தமிழ் மாதிரியும் தமிழைக் கன்னடம் மாதிரியும் பேசுவார். வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி கொடுப்பதற்கு முன்பு இந்தப் புத்தகத்தைக் கொடுப்பார். “படிச்சுப் பாருடா. வெள்ளைக்காரன் நம்மகிட்ட திருடினது எல்லாம் இதுல இருக்கு” என்பார். நானும் காப்பி வரும் வரை புரட்டுவேன்.

சும்மா சொல்லக் கூடாது, சுவாரஸ்யத்துக்குக் குறைவில்லை. விமானி தெரிந்துகொள்ள வேண்டிய முப்பத்திரண்டு ரகசியங்கள் உண்டு. விமானத்தை மேகம் மாதிரி காட்டும் ஜலதரூபம். நட்சத்திரக் கூட்டம் மாதிரி மினுங்கவைக்கும் தாரம். பாம்பு மாதிரி வளைந்து போகும் சார்ப்பகமனம். எதிரி விமானத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஒட்டுக்கேட்கும் பரசப்த க்ராஹகம். எதிரியை மூர்ச்சையாக்கும் ஸ்தப்தகம். விமானத்தையே பூவும் நகையும் போட்ட தேவமங்கை மாதிரி தெரியவைக்கும் ஸுரூபம் என்றும் ஒன்று. ஓடுபாதையை நோக்கி ஒரு அப்ஸரஸ் இறங்கி வந்தால் கண்ட்ரோல் டவரில் உள்ளவர் என்ன செய்வார் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். விமானி எந்தக் காலத்தில் எருமைப் பால் குடிக்கணும், எப்போது பசும்பால், எப்போது ஆட்டுப்பால் என்று சாப்பாட்டு அட்டவணைகூட இருக்கிறது.

இதில் பத்தாவது ரகசியம் என்னை அப்படியே நிறுத்திவிட்டது. பெயர் சங்கோசம். நம் ஊர் வெட்கச் சங்கோசம் இல்லை, சுருக்கம் என்று பொருள். விமானம் இறக்கையை முழுசாக விரித்து வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது எதிரே ஆபத்து வந்தால், ஏழாவது சுவிட்சைத் திருப்ப வேண்டியது. உறுப்புகள் எல்லாம் சுருங்கி மடங்கிக்கொள்ளும்.

இதைப் படித்தபோது எனக்கு விமானம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆபத்து வந்தால் ஆமை மாதிரி உள்ளே இழுத்துக்கொள்வது நியாயம்தானே என்று பட்டது. அதில் உள்ள கோளாறு புரிய, சாமுண்டி மலையிலிருந்து ஸ்கூட்டரில் இறங்க வேண்டியிருந்தது.

மாமாவிடம் ஒரு சேத்தக் இருந்தது. மலைக்குப் போகும்போது பெட்ரோல் குடித்துக்கொண்டே ஏறும். தரிசனம் முடிந்து, மகிஷாசுரன் சிலையைத் தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் மாமா இன்ஜினை அணைத்துவிடுவார். “தானா இறங்குற வண்டிக்கு எதுக்குடா எண்ணெய்?” திடீரென்று ஓர் அமைதி. டயர் சத்தமும் காற்றும் மட்டும். வளைவுக்கு வளைவு கீழே மைசூர் சுழன்று சுழன்று கிட்டே வரும். நான் மாமாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அம்மனை வேண்டுவேன். இன்ஜின் இல்லாமல் போகும் வண்டியை இழுத்துப் போவது எது என்று அந்தப் பத்து நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. மலைதான். உயரம்தான் பெட்ரோல்.

விமானத்துக்கும் அதே கணக்கு. இன்ஜின் நின்றால் விமானம் கல் மாதிரி விழும் என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மீதிப் பேர் ஜன்னல் ஸீட்டில் உட்கார்ந்துகொண்டு நினைக்கிறோம். விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது இன்ஜின் இல்லை, இறக்கை. இன்ஜினின் வேலை முன்னால் தள்ளுவது. அது வேலைநிறுத்தம் செய்தால், அந்தத் தள்ளலைப் பூமியின் ஈர்ப்பிடம் கடன் வாங்க வேண்டும். மூக்கை லேசாகத் தாழ்த்தினால் போதும்; விமானம் கண்ணுக்குத் தெரியாத ஓர் இறக்கத்தில் சறுக்கிக்கொண்டே போகும். நீங்கள் பயணம் செய்த ஒவ்வொரு பெரிய விமானமும் ஊரை நெருங்கி உயரம் குறைக்கும்போது இன்ஜினைக் கிட்டத்தட்ட சும்மா ஓடவிட்டு இப்படித்தான் சறுக்குகிறது. நமக்கு அப்போது சாண்ட்விச் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற அவசரம்.

எவ்வளவு தூரம் சறுக்கும்? செஸ்னா 172 மாதிரி சின்ன விமானம் ஒரு மடங்கு இறங்குவதற்குள் ஒன்பது மடங்கு முன்னால் போகும். பெரிய ஜெட் பதினைந்து மடங்குக்கும் மேலே. சாமுண்டி மலை உச்சி, ஊர்த் தரையிலிருந்து சுமார் முந்நூறு மீட்டர் உயரம். அந்த உயரத்தில் ஒரு செஸ்னாவின் இன்ஜின் நின்றால் இரண்டேமுக்கால் கிலோமீட்டருக்குள் தரை வந்துவிடும். அரண்மனை நேர்க்கோட்டில் நாலு கிலோமீட்டர். ஆகவே மகாராஜாவுக்கு ஆபத்தில்லை. இடையில் யார் வீட்டு மாடியில் துணி காய்கிறதோ அவர்களுக்குத்தான். ஆனால் விமானிக்கு இடம் பார்க்க, ரேடியோவில் கத்த, பெட்ரோல் வால்வைத் திருகிப் பார்க்க ஒன்றரை நிமிஷம் இருக்கும். முகூர்த்த நேரத்தில் தாலி கட்டி முடிக்கிற அவகாசம்.

இன்னொரு வேடிக்கை: எடை கூடினால் சறுக்கும் தூரம் குறையாது. நூற்றிருபது கிலோ சம்பந்தி பின்ஸீட்டில் உட்கார்ந்திருந்தாலும் விமானம் அதே இடத்துக்குத்தான் போகும். என்ன, கொஞ்சம் வேகமாகப் போக வேண்டும். அவரும் சீக்கிரம் போய்ச் சேருவார்.

செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று. தரை நெருங்குகிறதே என்ற பதற்றத்தில் மூக்கை மேலே தூக்குவது. மனித சுபாவம் அதைத்தான் செய்யச் சொல்லும். தூக்கினால் வேகம் குறையும், குறைந்தால் இறக்கை மேல் காற்று ஒட்டாமல் பிய்த்துக்கொண்டு போகும். விமானம் முதலில் நடுங்கும், அப்புறம் தொப்பென்று தலைகுப்புறச் சரியும். இதற்கு ஸ்டால் என்று பெயர். பொருட்காட்சி பஜ்ஜி ஸ்டாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இரண்டிலும் வயிறு கலங்கும் என்பதைத் தவிர. தரையைப் பார்த்துப் பயந்தவன் தரையை நோக்கியே மூக்கைத் திருப்ப வேண்டும். விமானப் பள்ளியில் இதைப் பழக்குவதற்குள் வாத்தியாருக்கு முடி நரைத்துவிடும்.

இதற்கெல்லாம் சாட்சி வேண்டுமா? 1982 ஜூன் 24, ஜாவா தீவுக்குத் தெற்கே பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று கலுங்குங் எரிமலையின் சாம்பல் மேகத்துக்குள் இருட்டில் நுழைந்து, நாலு இன்ஜினும் ஒன்றன்பின் ஒன்றாக அவிந்தன. கேப்டன் எரிக் மூடி மைக்கைப் பிடித்து, சின்னச் சிக்கல், நாலு இன்ஜினும் நின்றுவிட்டது, நீங்கள் ரொம்பக் கலவரப்பட மாட்டீர்கள் என நம்புகிறேன் என்கிற தொனியில் பயணிகளிடம் சொன்னார். பத்து நிமிஷத்துக்கு மேல் சறுக்கினார்கள். சாம்பலை விட்டு வெளியே வந்த பிறகு இன்ஜின்கள் திரும்பவும் பற்றிக்கொள்ள, ஜகார்த்தாவில் இறங்கினார்கள். நம் ஊர்ப் பஸ் கண்டக்டர் இந்த நிலைமையில் “எல்லாரும் இறங்கித் தள்ளுங்க” என்றிருப்பார்.

அடுத்த வருஷமே ஏர் கனடா. 1983 ஜூலை 23. கனடா அப்போதுதான் பவுண்டை விட்டுக் கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தது. புத்தம் புதிய போயிங் 767-க்கு 22,300 கிலோ எரிபொருள் வேண்டும். லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோவுக்கு உரிய 0.8-ஐப் போடாமல் பவுண்டுக்கு உரிய 1.77-ஐப் போட்டுப் பெருக்கிவிட்டார்கள். வேண்டியதில் பாதிகூட டாங்கியில் இல்லை. 41,000 அடி உயரத்தில் ஆரம்பித்து, இரண்டு இன்ஜினும் ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. கேப்டன் பாப் பியர்சன் வாரக் கடைசியில் பொழுதுபோக்காக கிளைடர் ஓட்டுகிறவர். கிம்லி என்கிற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படை ஓடுபாதையைப் பார்த்து, உயரம் அதிகமாகிவிட்டதால் விமானத்தைப் பக்கவாட்டில் திருப்பிச் சறுக்கவைத்து இறக்கினார். ஓடுபாதையில் அன்றைக்கு கார் ரேஸ். ஏறியிருந்த 69 பேரும் பிழைத்தார்கள். கிலோவும் பவுண்டுமே இந்தப் பாடு என்றால், யோஜனைக் கணக்கில் வேகம் சொல்லும் நம் சாஸ்திரத்துக்கு யார் பெட்ரோல் போடுவது?

2001-ல் ஏர் டிரான்சாட் என்று இன்னொரு கனடா கம்பெனி. அட்லாண்டிக் கடலுக்கு மேலே எண்ணெய்க் குழாய் கசிந்து ஏர்பஸ்ஸின் இரண்டு இன்ஜினும் நின்றன. 306 பேரோடு சுமார் 120 கிலோமீட்டர் சறுக்கி அஸோர்ஸ் தீவில் இறங்கினார்கள். கிட்டத்தட்ட மைசூரிலிருந்து பெங்களூர், ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல். டோல்கேட்டும் கிடையாது.

இந்த மூன்று விமானிகளில் ஒருவருக்காவது ஏழாவது சுவிட்ச் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். ஆபத்து! திருப்பு! இறக்கை மடங்கும். அதன் பிறகு நடப்பதற்கு நியூட்டன் பொறுப்பு. இன்ஜின் போன விமானத்துக்கு மிச்சமிருக்கும் ஒரே சொத்து இறக்கை. அதை மடக்குவது, கடன்காரன் வந்தால் வீட்டையே பிரித்துவிடுவது மாதிரி. முப்பத்திரண்டு ரகசியங்களையும் நகம் கடித்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். ஒட்டுக்கேட்க வழி இருக்கிறது, மயக்கம் போடவைக்க வழி இருக்கிறது, தேவமங்கை வேஷம் போட வழி இருக்கிறது. இன்ஜின் நின்றால் என்ன செய்வது என்று ஒரு ரகசியமும் இல்லை. பறந்தவர் எழுதிய புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருந்திருக்கும்.

இந்தச் சந்தேகத்தை மாமாவிடம் கேட்டேன். “அது பாதரசத்துல ஓடுறது. நிக்கவே நிக்காது” என்றார்.

“நின்னா, மாமா?”

“நிக்காதுங்கறேன், நின்னான்னு கேக்கறியே! காப்பி ஆறுது, குடி.”

எனக்கு முன்பே இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டுவிட்டவர்கள் உண்டு. புத்தகம் வந்த மறுவருஷம், 1974-ல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த முகுந்தா, தேஷ்பாண்டே, நாகேந்திரா, பிரபு, கோவிந்தராஜு என்ற ஐந்து பேர் சாஸ்திரத்தைச் சாஸ்திரமாகவே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். எனக்கு அவர்களிடம் பிடித்தது இந்த மரியாதைதான். கேலி செய்துவிட்டுப் போவது சுலபம். அவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். சமஸ்கிருத நடையைப் பார்த்தார்கள்: வேதகாலத்து வாடையே இல்லை, நவீன நடை. சாஸ்திரியாரோடு பழகியவர்களைத் தேடிப் பேசினார்கள்: 1904-க்கு முன் இந்தப் புத்தகம் இருந்திருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள். எல்லப்பாவின் படங்களைப் பார்த்தார்கள்: அந்தக் காலத்து மெஷின்களைத் தெரிந்த கை வரைந்தது. கடைசியாக, இந்த நான்கும் பறக்குமா? பறக்காது. உருவத்தைப் பார்த்தால் பறக்கிற உத்தேசமே தெரியவில்லை. தள்ளுவதற்குச் சொன்ன ஏற்பாடுகளும் பறப்பதற்கு உதவாமல் குறுக்கே நிற்கும்.

நாலில் ருக்ம விமானத்தில் மட்டும் ஏதோ கொஞ்சம் அர்த்தம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். மேலே விசிறி காற்றை உறிஞ்சி, நெட்டுக்குத்தான குழாய்கள் வழியாகக் கீழே தள்ள, அந்த உந்துதலில் எழும்பலாம் என்பது எண்ணம். சரி, எழும்பியதாகவே வைத்துக்கொள்வோம். சாமுண்டி மலை உயரத்தில் கரண்ட் போகிறது. விசிறி நிற்கிறது. சறுக்க இறக்கை இல்லை. ஹெலிகாப்டராக இருந்தாலாவது, விழும்போது கீழிருந்து வரும் காற்றே மேல் விசிறியைச் சுற்றிவிட, ஓரளவு மெதுவாக இறங்கலாம். அதற்கு நீண்ட, கோணம் மாற்றத்தக்க தகடுகள் வேண்டும். குழாய்க்குள் அடைத்த விசிறிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் முந்நூறு மீட்டர் விழ எட்டு விநாடி. செஸ்னாக்காரருக்கு ஒன்றரை நிமிஷம் கிடைத்ததே, ருக்மத்தின் விமானிக்கு ‘சாமுண்டி’ என்று முழுசாகக் கூப்பிட நேரம் இருக்கும்; ‘தாயே’ சேராது.

இந்த ஐந்து பேரில் எச்.ஆர். நாகேந்திரா பிற்பாடு விஞ்ஞானத்தை விட்டு யோகா பக்கம் போய், ஜிகணியில் யோகா பல்கலைக்கழகமே நிறுவினார். ஜிகணி இருப்பது ஆனேக்கல் தாலுகாவில். சுப்பராய சாஸ்திரியாரின் தாலுகா. மண்வாசனை யாரை விட்டது?

மைசூர் ராஜ்யத்துக்கும் பறப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. நிஜமாகவே பறந்தது ஒன்று உண்டு, அதற்கு இன்ஜின் நின்ற பிறகு என்ன ஆகும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஹைதர் அலி, திப்பு காலத்து ராக்கெட். இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்து, நீள மூங்கில் கழியோடு தோல்வாரால் கட்டிவிடுவார்கள். வெள்ளைக்காரர்கள் வைத்திருந்தது அட்டைக்குழாய். இரும்பு என்பதால் மைசூர் ராக்கெட்டில் அழுத்தம் தாங்கியது, தூரம் போனது. மருந்து எரிந்து முடிந்ததும் அதற்கு இன்ஜின் போய்விட்டது. அப்புறம் எறிந்த கல்லின் கதைதான், ஆனால் பின்னால் கட்டிய மூங்கில் அதை முட்டாள்தனமாகக் குட்டிக்கரணம் போடவிடாமல் ஓரளவு நேராக வைத்திருந்தது. ஐந்து புரொபசர்களும் நான்கு விமானத்தில் தேடிக் கிடைக்காத ஸ்திரத்தன்மையை ஒரு மூங்கில் கழி கொடுத்தது. தரையில் விழுந்த பிறகும் சில ராக்கெட்டுகள் வெறிபிடித்துத் துள்ளி ஓடும். குதிரைகள் மிரளும், சிப்பாய்களும்.

1780 செப்டம்பரில், நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில், கர்னல் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறி அவர் தோற்றுப் பிடிபட்டார். ராக்கெட் பட்டுத்தான் வெடித்தது என்பார்கள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் வெள்ளைக்காரர்கள் மிச்ச ராக்கெட்டுகளை இங்கிலாந்துக்கு அள்ளிப் போனார்கள். அங்கே வில்லியம் காங்கிரீவ் அதைப் பார்த்துத் தன் பேரில் ராக்கெட் செய்தார். ‘வெள்ளைக்காரன் திருடினான்’ என்று மாமா சொன்னது உண்மைதான். எதைத் திருடினான் என்பதில்தான் தப்பு. நாசாவின் வாலப்ஸ் தளத்துக்குப் பயிற்சிக்குப் போன ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர் அங்கே சுவரில் இந்த மைசூர் ராக்கெட் யுத்தத்தின் ஓவியம் மாட்டியிருப்பதைப் பார்த்து நெஞ்சு நிமிர்த்தினார். அவர் பெயர் அப்துல் கலாம். அவர்கள் சுவரில் ருக்ம விமானம் இல்லை.

ஆனாலும் நம் ஆட்கள் சுவிட்சை விடுவதாயில்லை. 2015 ஜனவரியில் மும்பை அறிவியல் மாநாட்டில், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்ற கேப்டன் ஆனந்த் போடாஸ் மேடையேறி, அந்தக் காலத்து விமானங்கள் நாடுவிட்டு நாடு, கிரகம்விட்டுக் கிரகம் போகும், பின்பக்கமாகவும் பறக்கும் என்றார். ஆதாரம், நம் மைசூர்ப் புத்தகம். போடாஸின் கட்டுரையை நிறுத்துங்கள் என்று நாசாவின் ஏம்ஸ் மையத்திலிருந்து ராம்பிரசாத் காந்திராமன் இணையத்தில் மனுப்போட்டார். இன்ஜின் நின்றால் முதலில் எதைச் செய்வது என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடிய ஒருவர், ஏழாவது சுவிட்ச் பக்கத்தைத் தாண்டி எப்படிப் படித்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத முப்பத்துமூன்றாவது ரகசியம்.

மறுவருஷம் அதே மாநாடு எங்கே நடந்தது என்று நினைக்கிறீர்கள்? மைசூரில். 2016 ஜனவரி, மைசூர் பல்கலைக்கழகத்தில். சிதம்பரத்தில் பிறந்து நோபல் வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணன், ஒரு தடவை ஒருநாள் போனேன், அது சர்க்கஸ், இனிமேல் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதைப் பொய்யாக்கக் கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ, மைசூர் மேடையில் ஓர் அரசு அதிகாரி சங்கு ஊதிக் காட்டினார். மூச்சு நின்றால் என்ன செய்வது என்று அவருக்காவது தெரிந்திருந்தது.

மாமாவிடம் ஐந்து புரொபசர்கள் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அவா நாலு விமானத்தைத்தானே பாத்தா? ரிஷிகள் சொன்னது எத்தனை ரகம் இருக்கு!” என்றார். பிறகு புத்தகத்தைத் துண்டால் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்தார்.

மைசூருக்குத் தெற்கே நஞ்சன்கூடு சாலையில் மண்டகள்ளி இருக்கிறது. ராஜா காலத்து ஏரோட்ரோம், 2010-ல் புதுப்பித்துத் திறந்தார்கள். அங்கே விமானம் ஓட்டக் கற்கும் பிள்ளைகளுக்கு எல்லா ஊர் விமானப் பள்ளிகளையும் போல ஒரு பாடம் உண்டு. பறந்துகொண்டிருக்கும்போது வாத்தியார் சொல்லாமல் கொள்ளாமல் த்ராட்டிலைப் பின்னால் இழுத்துவிட்டு, “இன்ஜின் போச்சு. இப்ப என்ன பண்ணுவே?” என்பார். பிள்ளை மூக்கைத் தாழ்த்தி, வேகத்தைப் பிடித்து, இறங்க ஒரு வயலைத் தேட வேண்டும். அந்த விமானங்களில் சுவிட்ச் நிறைய இருக்கின்றன. இறக்கையை மடக்க ஒன்றுகூட இல்லை.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். சாமுண்டி மலையிலிருந்து டூவீலரில் இறங்கினால் தயவுசெய்து இன்ஜினை அணைக்காதீர்கள், கியரிலேயே வாருங்கள். மாமா பன்னிரண்டாவது வளைவில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய், ஒரு கடலைக்காரர் வண்டியில் போய்த்தான் நின்றார். கடலைக்கு நூற்றைம்பது ரூபாய், முழங்காலுக்கு நாலு தையல்.